வண்டி வேலையில் உள்ள ஆசை, அதையே தொழிலாக்கினால் மிஞ்சுமா?

நள்ளிரவு_ஸ்பானர் | பதிவு 1

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும் செய்யறவன். முதல் தடவையா கேள்வி கேக்கறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

வயசு 31. கணக்குப் பிரிவுல வேலை, ஒன்பது வருஷமாச்சு. ஏழு வருஷம் முன்னாடி ஓடாம கிடந்த ஒரு ஒற்றை சிலிண்டர் பைக் வாங்கினேன். கார்புரேட்டரைக் கழட்டக்கூடத் தெரியாம ஆரம்பிச்சு, அதே வண்டியோட இன்ஜினை மூணு தடவை இறக்கி ஏத்திட்டேன். முதல் தடவை வால்வு டைமிங் ஒரு பல் தள்ளிப் போயிருந்தது. ரெண்டாவது தடவை கிளட்ச் பக்கம் கேஸ்கெட்ல கசிவு. மூணாவது தடவை மாட்டினதுக்கு அப்புறம் நாலு வருஷமா ஒரு சொட்டு ஆயில் கீழே விழலை. அடுத்து ஒரு இரட்டை சிலிண்டர் பைக். இப்போ ஒரு பழைய கார், பாடி தனியா இன்ஜின் தனியா நிக்குது.

ராத்திரி பத்து மணிக்கு மேலதான் எனக்கு நேரம். ரெண்டு மணி வரைக்கும் வேலை பார்த்துட்டு கை கழுவறப்போ ஒரு நிறைவு வருது பாருங்க, அது ஆபீஸ்ல இருந்து எந்திரிக்கறப்போ ஒரு நாளும் வந்ததில்லை. தெரிஞ்சவங்க அவங்க வண்டியைக் கொண்டு வர ஆரம்பிச்சுட்டாங்க. வேலையை விட்டுட்டு இதுலயே இறங்கிடலாமான்னு ஆறு மாசமா மனசு அடிச்சுக்குது. 31 வயசு தாமதமா? நேரா சொந்தமா பட்டறை போடலாமா, எங்கயாவது சேர்ந்து கத்துக்கணுமா? எல்லாத்துக்கும் மேல, தொழிலா ஆனப்புறமும் இந்த ஆசை இருக்குமா?

பழைய_பட்டறை | பதிவு 2

தம்பி, 28 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். மூணு தடவை இறக்கி ஏத்தினவர்னா பொறுமை இருக்கு, அது பெரிய முதல். ஆனா அந்தப் பொறுமைக்கு உங்க ஷெட்ல யாரும் கெடு வைக்கலை. ஒரே வண்டி, அதோட வரலாறு முழுக்க உங்களுக்குத் தெரியும். எந்த போல்ட்டை யார் முறுக்கினாங்கன்னு கேட்டா நீங்கதான்.

பட்டறைக்கு வர்ற வண்டி அப்படி இல்லை. நாலு பேர் கைவெச்சு, மரை போன இடத்துல பசை போட்டு அடைச்சு, வயரை முறுக்கி டேப் ஒட்டி வந்து நிக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு"ன்னு சொல்லுவாங்க. மூணு மாசமா அந்தச் சத்தம் இருந்திருக்கும். துரு ஏறின எக்ஸாஸ்ட் ஸ்டட் உங்க கையிலதான் முறியும், அதை எடுக்க ரெண்டு மணி நேரம் போகும், அந்த ரெண்டு மணி நேரத்துக்கு யார் காசு தர்றதுங்கற பேச்சும் உங்ககிட்டதான் வரும்.

அதனால நான் ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு பதில் சொல்லுங்க. உங்க வண்டியில வேலை பார்க்கறப்போ எந்த நொடியில மனசு நிறையுது? பழுது எங்கன்னு பிடிபடற நொடியிலயா? ரெண்டு பாகம் இம்மி பிசகாம உக்கார்ற நொடியிலயா? துருவெல்லாம் போய் பளபளன்னு நிக்கறப்பவா? இல்ல, ஓட்டிப் பார்க்கறப்பவா? வெளிய இருந்து பார்த்தா எல்லாம் ஒரே வேலை மாதிரி தெரியும். ஒவ்வொண்ணும் வேற வேற தொழில்.

எனக்குப் பழுது பிடிபடற நொடிதான். ஒரு உதாரணம் சொல்றேன். ஸ்கேனர் போட்டா பி0171ன்னு வருது, கலவையில பெட்ரோல் குறைச்சல்னு அர்த்தம். அவசரக்காரர் ஆக்சிஜன் சென்சாரை மாத்துவார். சென்சார் பாவம், பார்த்ததைச் சொல்லுச்சு. ஐடில்ல (வண்டி நின்னபடி ஓடறப்போ) ஃப்யூயல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற அளவு, 20, 25 சதவீதம் கூட்டல்ல இருந்து, 2500 சுத்துக்கு ஏத்தினதும் அஞ்சுக்கு இறங்கினா எங்கயோ திருட்டுக் காத்து உள்ள போகுது. இன்டேக் கேஸ்கெட்டைப் பாரு, வெடிச்ச வேக்குவம் ட்யூபைப் பாரு. ஐடில்ல சரியா இருந்து, லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினா பெட்ரோல் வரத்து பத்தலை, பம்ப்பு, ஃபில்ட்டர் பக்கம் போ. ஒரே கோடு, ரெண்டு வியாதி. இது பிரிஞ்சு தெரியற நொடிக்காகத்தான் நான் இன்னும் பட்டறைக்குப் போறேன்.

வேகமானி | பதிவு 3

இவ்வளவு யோசிச்சா எதுவும் நடக்காது நண்பா. சோய்ச்சிரோ ஹோண்டா கதையைப் பாருங்க. 15 வயசுல ஒரு கார் பட்டறையில சேர்ந்தவர், உலகத்துக்கே பைக் பண்ணிக் கொடுத்தார். ராஜினாமாவைக் கொடுத்துட்டு இறங்குங்க.

பழைய_பட்டறை | பதிவு 4

ஹோண்டா கதையை முழுசா சொல்லணும் தம்பி. 1922ல டோக்கியோவுல ஆர்ட் ஷோக்காய்ங்கற பட்டறையில சேர்ந்தார். சேர்ந்த புதுசுல அவர் கையில கொடுத்தது ஸ்பானர் இல்லை, முதலாளியோட கைக்குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கிட்டே பட்டறையைப் பார்த்துக் கத்துக்கிட்டார். ஆறு வருஷம் கழிச்சு 1928லதான் ஹமாமட்சுவுல அதே பட்டறையோட கிளையை நடத்தப் போனார். ஹோண்டா கம்பெனி வந்தது 1948ல. இறங்குங்கன்னு நானும் சொல்றேன். அந்த ஆறு வருஷத்தை விட்டுட்டுச் சொல்லாதீங்க.

திரும்பி_வந்தவன் | பதிவு 5

நான் இறங்கிப் பார்த்தவன். அதனால எழுதறேன்.

27 வயசுல ஆபீஸ் வேலையை விட்டுட்டு ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல சேர்ந்தேன். பேர் வேண்டாம். அங்க ஒவ்வொரு வேலைக்கும் புத்தகத்துல நேரம் குறிச்சிருக்கும். பிரேக் பேட் மாத்த இவ்வளவு, கிளட்ச் மாத்த இவ்வளவு. அந்த நேரத்துக்குத்தான் கூலி. கைதேர்ந்தவர் குறிச்ச நேரத்துக்குள்ள முடிச்சு அடுத்த வண்டிக்குப் போயிடுவார். எனக்கு ஒவ்வொரு போல்ட்டையும் துடைச்சு, மரையை பிரஷ் போட்டு, டார்க் (முறுக்கு விசை) பார்த்து முறுக்கித்தான் பழக்கம். ஒன்பது மணி நேரம் நின்னு அஞ்சு மணி நேரக் கூலி வாங்கின நாள் உண்டு.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். பழுது தேடறதுக்கு அந்தப் புத்தகத்துல நேரமே கிடையாது, இல்லன்னா அரை மணி. தேடாம பாகத்தை மாத்துன்னு மேஸ்திரி சொல்வார். ஒரு வண்டியில நல்லா இருந்த ஆல்டர்னேட்டரை (பேட்டரியை சார்ஜ் பண்ற பாகம்) மாத்த வெச்சாங்க. எர்த் வயர்தான் துருப்பிடிச்சிருந்தது. அதை நான் சொன்னப்போ, வாடிக்கையாளர்கிட்ட பேசாதேன்னாங்க. அன்னிக்கு ராத்திரி தூங்கலை.

ஒன்றரை வருஷத்துல வெளிய வந்துட்டேன். அதைவிடப் பெரிய வருத்தம், அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என் சொந்த பைக்கை நான் தொடவே இல்லை. ஷெட் கதவைத் திறந்தாலே அந்த இடம் ஞாபகம் வந்துடும். இப்போ பழையபடி ஆபீஸ் வேலை, வாரக் கடைசியில வண்டி. மறுபடி ஆசை வந்துடுச்சு, நல்லா இருக்கேன்.

வேண்டாம்னு சொல்ல வரலை. எந்தப் பட்டறைங்கறதுலதான் எல்லாம் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க அங்க நின்னு பாருங்க. வேலை தெரிஞ்சவர் புதுசா வந்தவருக்கு நின்னு சொல்லித் தர்றாரா, இல்ல திட்டறதோட சரியா? கழட்டின பழைய பாகத்தை வாடிக்கையாளருக்குக் காட்டறாங்களா? டார்க் ரெஞ்ச் சுவத்துல தூசியோட தொங்குதா, கையில சுத்துதா? மூணும் பார்த்தா போதும், தெரிஞ்சிடும். நான் பார்க்காம சேர்ந்தேன்.

வயரிங்_அக்கா | பதிவு 6

திரும்பி_வந்தவன், ஆல்டர்னேட்டர் விஷயம் படிச்சு எனக்கே வயிறு எரியுது. எர்த் சரியில்லாததைப் பிடிக்க ஒரு மல்டிமீட்டரும் ரெண்டு நிமிஷமும் போதும். செல்ஃப் அடிக்கறப்போ பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல வோல்ட் பார்த்தா 0.2க்கு மேல வரக்கூடாது. வந்தா எர்த்ல பழுது, அவ்வளவுதான்.

நள்ளிரவு தம்பி, நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், 12 வருஷம். ஆரம்பம் உங்களை மாதிரியேதான், அப்பாவோட வண்டியில ஹாரன் வேலை செய்யலைன்னு வயரைத் தேடிப் போனது. வண்டி வேலைன்னா எல்லாரும் இன்ஜினைத்தான் நினைக்கறாங்க. இன்னிக்கு வர்ற வண்டியில பாதிக்கு மேல தலைவலி வயர்லதான்.

போன மாசம் ஒரு கார், மூணு நாள் நிறுத்தினா பேட்டரி டவுன். ரெண்டு இடத்துல பேட்டரியை மாத்திட்டுத்தான் என்கிட்ட வந்தது. வண்டியைப் பூட்டிட்டு அரை மணி நேரம் சும்மா இருக்கணும், உள்ளே இருக்கற கன்ட்ரோல் யூனிட் எல்லாம் தூங்கப் போகணும். அந்தப் பொறுமை இல்லாமத்தான் பலர் தப்பு விடறாங்க. அதுக்கப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ இருக்கணும். இதுல 380. ஃபியூஸை ஒண்ணொண்ணாப் பிடுங்கினா தூங்கின யூனிட் முழிச்சுக்கும், கணக்கு கெட்டுடும். அதனால பிடுங்காம, ஒவ்வொரு ஃபியூஸ் மேலயும் மில்லி வோல்ட் பார்த்தேன். கரன்ட் போற ஃபியூஸ்ல மட்டும் சின்னதா ஒரு அளவு காட்டும். பின்கதவு மோட்டார் ரிலே ஒட்டிக்கிட்டு இருந்தது. கண்டுபிடிச்சப்போ பட்டறையில தனியா நின்னு சிரிச்சேன்.

இதுல பெண்ணுக்கு என்ன வேலைன்னு இன்னும் கேக்கறவங்க இருக்காங்க. 1888ல பெர்த்தா பென்ஸ் மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல அந்த மூணு சக்கர வண்டியை ஓட்டிட்டுப் போனாங்க. வழியில அடைச்ச பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால குத்தி எடுத்தது அவங்க. தேய்ஞ்ச பிரேக் கட்டைக்கு ஒரு செருப்புத் தொழிலாளிகிட்ட தோல் அடிக்க வெச்சதும் அவங்கதான். நெடும்பயணத்துல நடுவழியில பழுது பார்த்த முதல் ஆள் யாருன்னு கேட்டா நான் அவங்க பேரைத்தான் சொல்வேன்.

மின்சார வண்டி வந்துட்டா மெக்கானிக் தேவையில்லைன்னு பயப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், டயர், வயரிங், குளிரூட்டி எல்லாம் அதுலயும் இருக்கு. ஆனா தானா கத்துக்கிட்டு தொடக்கூடாத பகுதியும் இருக்கு. ஆரஞ்சு நிற கேபிள்ல ஓடறது 400 வோல்ட், சில வண்டியில 800. சர்வீஸ் ப்ளக்கை எடுத்தப்புறமும் கெப்பாசிட்டர் இறங்க நேரம் வேணும், இறங்கிடுச்சான்னு அதுக்கான மீட்டர்ல அளந்து பார்க்காம கை வைக்கக்கூடாது. இதுக்குப் பயிற்சி எடுத்து சான்றிதழ் வாங்கித்தான் ஆகணும். ஆசைக்கு அங்க இடமில்லை.

நள்ளிரவு_ஸ்பானர் | பதிவு 7

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு நினைக்கலை.

பழைய_பட்டறை அண்ணா, உங்க கேள்வியை நாலு நாளா சுமந்துக்கிட்டு திரிஞ்சேன். ஓட்டிப் பார்க்கறப்போ சந்தோஷம்தான், ஆனா ரெண்டு நாள்ல அது போயிடுது. பளபளப்பு எனக்குப் பெருசில்லை. பழுது பிடிக்கறது பிடிக்கும், ஆனா யாராவது பக்கத்துல நின்னா எனக்குப் பதற்றம் வந்துடும்.

யோசிச்சுப் பார்த்தா என் மனசு நின்ன இடம் வேற. இரட்டை சிலிண்டர் வண்டிக்கு பிஸ்டன் ரிங் போடறப்போ, ரிங்கை சிலிண்டருக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால நேரா தள்ளி, ரிங்கோட ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கற வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ்ல (மெல்லிய அளவுத் தகடு) பார்த்தேன். பத்தலை. கொஞ்சமா அரம் போட்டு, மறுபடி அளந்து, மறுபடி அரம் போட்டு. நாலு ரிங்குக்கு ராத்திரி மூணு மணி ஆயிடுச்சு. கடைசி ரிங்ல கேஜ் லேசா உரசிக்கிட்டு உள்ள போச்சு பாருங்க, அந்த உரசல் இன்னும் விரல்ல இருக்கு. அதுதான் என் நொடி.

போர்_கேஜ் | பதிவு 8

தம்பி, நீங்க மெக்கானிக் ஆகப் பிறந்தவர் இல்லை. நீங்க எங்க ஆள்.

இன்ஜின் மெஷினிங் பட்டறை வெச்சிருக்கேன். சிலிண்டர் போர் போடறது (உள்துளையைக் கடைஞ்சு பெருசாக்கறது), ஹோனிங் (அந்த உள்சுவரைத் தேய்ச்சு முடிக்கறது), வால்வு சீட்டு வெட்டறது, ஹெட்டு (சிலிண்டர் மேல உக்கார்ற மூடி) சீவறது, கிராங்க் கிரைண்டிங். வண்டி எங்ககிட்ட வராது, வாடிக்கையாளரும் பெரும்பாலும் வரமாட்டார். கழட்டின இன்ஜினை மெக்கானிக் கொண்டு வந்து கொடுப்பார். பக்கத்துல நின்னு அவசரப்படுத்த யாருமில்லை. வேலை முழுக்க நீங்க சொன்ன அந்த உரசல்தான்.

ஒரு சிலிண்டரை எத்தனை இடத்துல அளப்பீங்க? மேல, நடு, கீழ, மூணு உயரம். ஒவ்வொரு உயரத்துலயும் கிராங்க் வாக்குல ஒண்ணு, அதுக்குக் குறுக்க ஒண்ணு. ஆறு அளவு. பிஸ்டன் சாஞ்சு தள்ளற பக்கம்தான் அதிகம் தேயும், அதனால சிலிண்டர் வட்டமா இருக்கற மாதிரி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் முட்டை வடிவுக்குப் போயிருக்கும். மேல ரிங் திரும்பற இடத்துல தேய்மானம் ஜாஸ்தி, அதனால கூம்பாவும் இருக்கும். இந்த ஆறு எண்ணைப் பார்த்தாலே அந்த இன்ஜின் எப்படி வாழ்ந்ததுன்னு எனக்குச் சொல்லிடும். ஏர் ஃபில்ட்டர் இல்லாம ஓட்டினாங்களா, ஆயில் மாத்தாம ஓட்டினாங்களா எல்லாம் தெரியும்.

கணக்குப் பிரிவு ஒன்பது வருஷம்னு சொன்னீங்க. அது வீண் போகாது. எண்ணைப் பார்த்து சந்தேகப்படற குணம் இந்த வேலையில பாதி.

இந்தத் தொழிலுக்கு ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது. புது இன்ஜினை ரீபோர் பண்றதைவிட முழுசா மாத்தறதுதான் இப்போ நடக்குது, அதனால வேலையும் முன்ன மாதிரி இல்லை, மறைக்க மாட்டேன். ஆனா பழைய வண்டி, பந்தய வண்டி, டீசல், விவசாய இன்ஜின்னு வர்ற வேலையைச் செய்யத் தெரிஞ்ச கை ரொம்பக் கம்மி. ராஜினாமா செய்யாதீங்க. உங்க பக்கத்துல இப்படி ஒரு பட்டறையைத் தேடி, சனிக்கிழமை வந்து கூட நிக்கறேன்னு கேளுங்க. முதல்ல தரையைக் கூட்டத்தான் சொல்வார். கூட்டுங்க. இரும்புத் தூளும் எண்ணெயும் எங்க சேருதுன்னு தெரிஞ்சாத்தான் மெஷின் புரியும்.

பட்டி_உப்புத்தாள் | பதிவு 9

பளபளப்பு பெருசில்லைன்னு தம்பி எழுதிட்டார், மனசு கேக்கலை. டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்யறவன் நான். பளபளப்பு கடைசி நாள் வேலை. அதுக்கு முன்னாடி மூணு வாரம் அடிவாங்கின தகட்டை உள்ளே டாலி (தாங்கற இரும்புக் கட்டை) கொடுத்து வெளியே சுத்தியால தட்டித் தட்டி, கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவிப் பார்க்கறோம். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். உங்க ரிங் உரசல் மாதிரிதான் இதுவும்.

இதைத் தொழிலா எடுக்க நினைக்கறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம், தயவுசெஞ்சு கேளுங்க. ஹார்ட்னர் கலந்து அடிக்கற டூ-கே பெயிண்ட்ல ஐசோசயனேட் இருக்கு. அது மூச்சுல போனா ஆஸ்துமா வரும், ஒரு தடவை உடம்பு அதுக்கு எதிரா திரும்பிட்டா அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு திணறும். துணி கட்டிக்கறதும் சாதாரண தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளிக்காத்தைக் குழாய் வழியா கொடுக்கற மாஸ்க் வேணும். என்கூட வேலை கத்துக்கிட்ட ஒருத்தர் 40 வயசுலயே பெயிண்ட் பக்கம் வர முடியாம போயிட்டார். இன்ஜின்காரங்களும் கேளுங்க, பெட்ரோல்ல கை கழுவறதை நிறுத்துங்க. அதுல பென்சீன் இருக்கு, ரத்தப் புற்றுநோய் கொடுக்கற பொருள். பொழுதுபோக்குன்னா மாசத்துல நாலு மணி நேரம். தொழில்னா தினம் எட்டு மணி நேரம், முப்பது வருஷம்.

பத்தொன்பது | பதிவு 10

அண்ணன்களே, நான் கல்லூரி முதல் வருஷம், இயந்திரவியல். எனக்கும் வண்டி வேலைன்னா உயிர். ஆனா வகுப்புல வண்டியே கண்ணுல படலை. படிப்பை விட்டுட்டு பட்டறைக்குப் போயிடலாமான்னு தோணுது.

மேப்_எழுதுபவன் | பதிவு 11

தம்பி, விடாதீர்கள். நான் இன்ஜின் கேலிபரேஷன் வேலையில் இருக்கிறேன். இன்ஜின் கணினிக்குள் எந்தச் சுற்றில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு முன்னதாகத் தீப்பொறி என்ற அட்டவணைகளை நிரப்புவதும் சோதிப்பதும் எங்கள் பணி. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். குளிர்ந்த இன்ஜின் காலையில் பற்றும்போதும், முழு ஆக்சிலரேட்டரிலும் அந்த எண் அப்படியே நிற்காது. ஏன் நிற்காது என்பதைக் கையால் கார்புரேட்டர் ஜெட் மாற்றிப் பார்த்தவனுக்கு உடனே புரியும். எங்கள் குழுவில் நல்ல வேலைக்காரர்கள் எல்லோருக்கும் நகக்கண்ணில் கருப்பு இருந்த காலம் ஒன்று உண்டு.

உங்கள் கல்லூரியில் ஃபார்முலா ஸ்டூடன்ட் அணி இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர்களே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வடிவமைத்துக் கட்டி ஓட்டும் போட்டி. அமெரிக்காவில் 1981-இல் ஃபார்முலா எஸ்ஏஇ என்று தொடங்கியது, 1998-இல் பிரிட்டனுக்கு வந்தது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. அங்கே வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. ஏன் இந்தக் குழாயை இவ்வளவு தடிமனில் போட்டாய் என்று நடுவர் கேட்பார், செலவுக் கணக்கும் கேட்பார். அணி இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து தொடங்குங்கள். நான் அப்படித்தான் வந்தேன்.

பழைய_பட்டறை | பதிவு 12

போர்_கேஜ் சொன்னதுதான் சரியான வழி. நான் சேர்க்க நினைக்கறது பொறுப்பைப் பத்தி.

நண்பர் வண்டியைச் சும்மா பார்த்துக் கொடுக்கறதுக்கும் காசு வாங்கறதுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. காசு வாங்கின நிமிஷத்துல இருந்து அந்த வண்டி ஓடற ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்க கணக்குல. பிரேக் ஆயிலையே எடுத்துக்கோங்க. டாட் 4ங்கற வகை ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரியிலதான் கொதிக்கணும். அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவா தண்ணி சேர்ந்தாலே 155 வரைக்கும் இறங்கிடலாம். மலை இறக்கத்துல பிரேக் சூடேறி உள்ளே ஆவி வந்தா பெடல் தரைக்குப் போகும். மூடி திறந்து ஒரு வருஷமா கிடந்த டப்பாவை நீங்க உங்க வண்டிக்கு ஊத்தினா அது உங்க முடிவு. அடுத்தவர் குடும்பம் போற வண்டிக்கு ஊத்த முடியாது.

நான் ரெண்டாவது வருஷத்துல ஒரு காரோட பின்சக்கர நட்டை டார்க் பார்க்காம அனுப்பிட்டேன். கையால முறுக்கி, ஜாக்கை இறக்கி, கடைசி முறுக்கு முறுக்கறதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்க. வண்டி போயிடுச்சு. சக்கரம் ஆடுதுன்னு அவரே வழியில நிறுத்திட்டார், யாருக்கும் ஒண்ணும் ஆகலை. 26 வருஷம் ஆச்சு. இன்னிக்கும் சக்கரம் மாட்டினா, முறுக்கி முடிச்ச நட்டு மேல சாக்பீஸ்ல கோடு போடாம நகர மாட்டேன். நடுவுல யார் கூப்பிட்டாலும் முதல்ல இருந்து ஆரம்பிப்பேன்.

காசு விஷயம் சுருக்கமா. மொத்தமா டூல்ஸ் வாங்காதீங்க. ஒரு டூலை மூணு தடவை கடன் வாங்கினா நாலாவது தடவை சொந்தமா வாங்குங்க. திரும்பி வர்ற வேலைக்குன்னு ஒரு தொகையை முதல்ல இருந்தே தனியா எடுத்து வையுங்க, கண்டிப்பா வரும். செய்யப் போற வேலையை எழுதிக் கையெழுத்து வாங்காம ஒரு நட்டையும் தொடாதீங்க.

நள்ளிரவு_ஸ்பானர் | பதிவு 13 (ஐந்து மாதம் கழித்து)

இழையை மேல கொண்டு வர்றேன், மன்னிக்கணும். சொல்ல வேண்டியது இருக்கு.

ஆபீஸ் வேலையில இருக்கேன். மெஷினிங் பட்டறை ஒண்ணு கிடைச்சது. திரும்பி_வந்தவன் சொன்ன மாதிரி சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க நின்னு பார்த்தேன். மூணாவது மணி நேரத்துல பெரியவர் தானா கூப்பிட்டு, "இதைப் பிடி, எவ்வளவு காட்டுது"ன்னு மைக்ரோமீட்டரைக் கையில கொடுத்தார். அதோட முடிவு பண்ணிட்டேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அங்கதான். முதல் ஆறு வாரம் கூட்டினேன், கழுவினேன், அளந்து எழுதினேன்.

ஒரு தப்பு நடந்தது, அதைத்தான் எழுத வந்தேன். 75 மில்லிமீட்டர் பிஸ்டன், அலுமினியம். சூடான கழுவுதொட்டியில இருந்து எடுத்து, துடைச்சு, உடனே அளந்துட்டேன். அந்த அளவுக்கு ஏத்தாப்ல சிலிண்டரை போர் போட்டேன், நான் தனியா போட்ட முதல் போர். மறுநாள் காலையில பெரியவர் எல்லாத்தையும் மறுபடி அளந்தார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இடைவெளி 0.04 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்துல 0.09. திட்டலை. ஒரு தாளை எடுத்துக் கணக்கு போட்டுக் காட்டினார். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும். 75 மில்லிமீட்டருக்கு 30 டிகிரி சூடுன்னா 0.05. எல்லா அளவும் 20 டிகிரியிலன்னு உலகம் முழுக்க ஒத்துக்கிட்டதே இதுக்காகத்தான்னார். அந்த இன்ஜின் அப்படியே போயிருந்தா குளிர்ல பிஸ்டன் தட்டற சத்தம் வந்திருக்கும்.

அடுத்த ஓவர்சைஸ் (ஒரு அளவு பெரிய) பிஸ்டன் செட்டை என் காசுல வாங்கினேன். அவர் வேண்டாம்னார், நான்தான் கேக்கலை. இப்போ கழுவின பாகத்தை ராத்திரி முழுக்க மேசையில வெச்சுட்டு காலையிலதான் அளக்கறேன்.

போர்_கேஜ் | பதிவு 14

உங்க பெரியவரை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. தப்பைக் கணக்காப் போட்டுக் காட்டற ஆள் கிடைக்கறது கஷ்டம்.

நள்ளிரவு_ஸ்பானர் | பதிவு 15 (முதல் பதிவிலிருந்து பதினாறு மாதம் கழித்து)

ஆபீஸ் வேலையை விட்டு மூணு மாசமாச்சு. பட்டறையில முழு நேரம். வருமானம் முன்ன இருந்ததைவிடக் குறைவு. எட்டு மாசச் செலவை சேர்த்து வெச்சுட்டுத்தான் விட்டேன், வீட்டுல எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். என் பழைய கார் இன்னும் பிரிச்சபடியே நிக்குது. ஆனா செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் அதுக்குன்னு ஒதுக்கியிருக்கேன், அன்னிக்கு வேற யார் வேலையும் எடுக்க மாட்டேன்.

அதை விடுங்க, எனக்கு இப்போ அவசரமா ஒரு பதில் வேணும். பெரியவர் ஊர்ல இல்லை. நாலு சிலிண்டர் அலுமினிய ஹெட்டு, வால்வைத் திறக்கற கேம்ஷாஃப்ட் ஹெட்டுலயே உக்கார்ற வகை, ஓவர்ஹீட் ஆனது. நேர்விளிம்பு வெச்சுப் பார்த்தா நடுவுல 0.18 மில்லிமீட்டர் வளைவு. கொண்டு வந்த மெக்கானிக் சீவிக் கொடுத்தா போதும்னு நிக்கறார். சீவினா அளவுக்குள்ள வந்துடும், உயரமும் மிச்சம் இருக்கு. ஆனா கேம்மை மாட்டி, கேப் எல்லாம் முறுக்கிக் கையால சுத்தினா இறுக்குது. சீவலாமா?

பழைய_பட்டறை | பதிவு 16

சீவாதீங்க. முகம் வளைஞ்சா முதுகும் வளைஞ்சிருக்கும். கீழே சீவினா முகம் நேராகும், கேம் உக்கார்ற வரிசை வளைஞ்சபடியே நிக்கும். ஓட விட்டா கேம் பிடிக்கும், இல்லன்னா முறியும். மெக்கானிக்கை நாளைக்கு வரச் சொல்லுங்க.

போர்_கேஜ் | பதிவு 17

அண்ணன் சொன்னதுதான். முதல்ல நிமிர்த்தணும். தடிமனான சமதளத் தகட்டு மேல ஹெட்டை வெச்சு, ரெண்டு முனைக்கும் அடியில ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து, நடு போல்ட்டை மெதுவா இறுக்குங்க. அப்படியே அடுப்புல 220, 230 டிகிரியில சில மணி நேரம். அடுப்பை அணைச்சுட்டு உள்ளேயே ஆற விடுங்க, வெளிய எடுத்துக் காத்துல வெச்சா மறுபடி முறுக்கிக்கும். ஆறினப்புறம் கேம்மை மாட்டிப் பாருங்க. அது சரியானாத்தான் சீவற பேச்சே. விரிசல் சோதனையையும் விட்டுடாதீங்க, ஓவர்ஹீட் ஆன ஹெட்டுல ரெண்டு வால்வு சீட்டுக்கு நடுவுல பாருங்க.

நள்ளிரவு_ஸ்பானர் | பதிவு 18

நன்றி அண்ணா. மெக்கானிக் கோவிச்சுக்கிட்டார், ஆனா கேம் இறுக்கறதை அவர் கையாலயே சுத்திப் பார்க்கச் சொன்னேன், ஒத்துக்கிட்டார். அடுப்புல வெச்சாச்சு. காலையில எழுதறேன்.

நள்ளிரவு_ஸ்பானர் | பதிவு 19

விரிசல் இல்லை. வளைவு 0.03க்கு வந்துடுச்சு. கேம் ரெண்டு விரல்ல சுத்துது.

வயரிங்_அக்கா | பதிவு 20

அந்த ஓவர்ஹீட் ஏன் ஆச்சுன்னு பார்த்தாங்களா தம்பி? ஃபேன் ரிலேவை ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்க, இல்லன்னா அதே ஹெட்டு மறுபடி உங்க மேசைக்கு வரும்.